கர்ப்பத்தில் கொரோனா: தாயின் மூச்சும் சேயின் நலமும்

எனக்குக் கொரோனா உறுதியானது எட்டாம் மாதத்தில். 2021, டெல்டா வகை உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த சமயம். விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "வயித்துல இருக்கிற குழந்தைக்கும் வந்திருக்குமா?" டாக்டரிடம் போனில் நானும் அதையே கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அதை அப்புறம் பார்ப்போம்மா. நீங்க மூச்சு எப்படி விடுறீங்க? ஒரு வாக்கியத்தை இடையில நிறுத்தாம சொல்ல முடியுதா?" என்று கேட்டார்.

அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது அடுத்த சில வாரங்களில் எனக்கு விளங்கியது. கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தாலும் கிருமி நேராகக் குழந்தைக்குப் போவது அரிது. தாயின் ஆக்சிஜன் குறைவது, இரத்த அழுத்தம் ஏறுவது, நஞ்சுக்கொடி பழுதாவது, நாள் நிறையும் முன்பே பிரசவம் ஆகிவிடுவது என்று குழந்தையைத் தொடும் ஆபத்து பெரும்பாலும் தாயின் உடம்பு வழியாகத்தான் வருகிறது. இது புரிந்துவிட்டால் எதற்குப் பதற வேண்டும், எதற்குப் பதற வேண்டாம் என்று ஓரளவு பிடிபடும். இப்போது பரவும் வகைகள் பெரும்பாலானவர்களுக்கு லேசாக வந்து போகின்றன, உண்மைதான். ஆனால் கர்ப்பிணியின் உடம்பு அன்று இருந்த அதே உடம்புதான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எனக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வறட்டு இருமலும்தான். வாசனை போய்விட்டது. டாக்டர் வீட்டிலேயே இருக்கச் சொல்லி மூன்றைக் குறித்து வைக்கச் சொன்னார்: உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு, குழந்தையின் அசைவு. காய்ச்சலை ஏறவிடக் கூடாது, பாராசிட்டமால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது என்றார். வலிக்கு வீட்டில் இருந்த ஐபுபுரூஃபனைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார். ஐந்தாம் மாதத்துக்கு மேல் அந்த வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே கொடுத்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். அது வேறு கணக்கு, டாக்டரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எட்டாம் மாதத்தில் எந்தப் பெண்ணுக்குமே மூச்சு வாங்கும். கருப்பை மேலே ஏறி உதரவிதானத்தை அழுத்துவதால் நுரையீரல் முழுதாக விரிய இடமில்லை. ஆக்சிஜன் தேவையோ கூடிக்கொண்டே போகிறது. சாதாரண நாளிலேயே கையிருப்பு குறைவாக இருக்கும் உடம்பில் நிமோனியாவும் சேர்ந்தால் நிலைமை சட்டென்று இறங்கிவிடும். 2020-இல் வெளிவந்த அமெரிக்கத் தரவுகளில், அறிகுறிகளோடு கொரோனா வந்த கர்ப்பிணிகளுக்குத் தீவிர சிகிச்சையும் வென்டிலேட்டரும் தேவைப்பட்டது, அதே வயதில் கர்ப்பமில்லாத பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. மடங்குக் கணக்கைக் கேட்டால் பகீரென்று இருக்கும். ஆனால் அந்தத் தரவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். பயமும் அந்த அளவில் இருந்தால் போதும், கவனம் மட்டும் குறையக் கூடாது.

கர்ப்பத்தின் மூச்சுவாங்கலையும் கொரோனாவின் மூச்சுத்திணறலையும் எப்படிப் பிரித்தறிவது? கர்ப்பத்தால் வருவது மெல்ல மெல்லக் கூடும். உட்கார்ந்து இளைப்பாறினால் அடங்கிவிடும். நேற்று இல்லாமல் இன்று திடீரென்று வந்தாலோ, உட்கார்ந்த இடத்திலேயே இளைத்தாலோ, பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சு இழுக்க வேண்டி வந்தாலோ அதைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை இங்கேதான் நம்பியிருந்தேன். அதைப் பயன்படுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நகப்பூச்சு இருக்கக் கூடாது. விரல் சில்லிட்டிருந்தால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கை அசையாமல் வைத்து, எண் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். முதலில் ஓய்வாக இருக்கும்போது ஒருமுறை, பிறகு அறைக்குள்ளேயே சில நிமிடம் நடந்துவிட்டு இன்னொரு முறை. நடந்தபின் எண் இறங்கினால் நுரையீரல் திணறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மற்ற பெரியவர்களுக்கு 92, 93 வரை டாக்டர்கள் பொறுத்துப் பார்ப்பதுண்டு. கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கவிட மாட்டார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போல, தாயின் இரத்தத்தில் ஆக்சிஜன் மேலே நின்றால்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் இரத்தத்துக்கு இறங்கும். இன்னொன்றும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்த தோலில் ஆக்ஸிமீட்டர் சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக் காட்டியது. ஆகவே ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். காலையில் 98, மதியம் 97, இரவு 95 என்று இறங்குமுகமாக இருந்தால், இன்னும் 94 ஆகவில்லையே என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். எனக்கு அப்படித்தான் இறங்கியது. அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே செய்த ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பயம் இருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபோது அத்தை துடித்துப் போனார். அந்த எக்ஸ்ரேயில் வயிற்றுக் குழந்தையை எட்டும் கதிர்வீச்சு மிகமிகச் சொற்பம் என்றும், நிமோனியாவைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் ஆபத்து என்றும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் போட்ட ஹெப்பாரின் ஊசி இன்னொரு பயம். கர்ப்பமும் இரத்தத்தை உறையத் தூண்டும், கொரோனாவும் தூண்டும், இரண்டும் சேரும்போது இரத்தக்கட்டி உருவாகாமல் இருக்கத்தான் அது. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. பிறகு ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் உயிரை டெக்ஸாமெத்தசோன் காக்கிறது என்பதை 2020 ஜூனிலேயே பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டிவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் ஸ்டீராய்டு உண்டு. குறைப்பிரசவம் ஆகலாம் என்ற நிலையில் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படவும் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். இரண்டும் இரண்டு வேலை, அளவும் நாளும் வேறு. எது எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மனசு அடங்கியது.

"இத்தனை மருந்து போட்டா குழந்தைக்கு ஆகுமா டாக்டர்?" என்று அத்தை கேட்டபோது அவர் சொன்னார்: "அவங்க மூச்சு விட்டாத்தாம்மா குழந்தைக்கு மூச்சு. அவங்களுக்குக் குடுக்க வேண்டியதை நான் குறைச்சா அது குழந்தைக்குத்தான் குறையும்."

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கர்ப்பிணி என்ற காரணத்தாலேயே தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. எல்லா மருந்தும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. கொரோனா கிருமியை ஒடுக்கும் மருந்துகளில் மோல்னுபிராவிர் கர்ப்பத்தில் கூடாது. பாக்ஸ்லோவிட், ரெம்டெசிவிர் இரண்டையும் தேவை பார்த்துக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். எது ஆகும், எது ஆகாது என்று கேட்பது வேறு. எதுவுமே வேண்டாம் என்று ஒதுங்குவது வேறு.

படுக்கையில் பெரும்பாலும் இடது பக்கம் சாய்ந்துதான் கிடந்தேன். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக்குழாய்களை அழுத்தும். சில நேரம் சிஸ்டர் தலையணைகளை அடுக்கி, வயிறு அமுங்காமல் நடுவில் பள்ளம் விட்டு, முக்கால்வாசி குப்புறப் படுக்க வைப்பார். கர்ப்பிணியைக் குப்புறப் படுக்க வைப்பதா என்று முதலில் பயந்தேன். ஆனால் மானிட்டரில் எண் மெதுவாக ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். ஆள் பக்கத்தில் இருந்து அடுக்கிக் கொடுக்க வேண்டிய வேலை அது.

இனிச் சொல்லப் போவதைக் கொரோனா வந்து லேசாகப் போய்விட்ட கர்ப்பிணிகளும் கட்டாயம் படிக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் குறைந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் இந்தக் கிருமி சில பெண்களுக்கு நஞ்சுக்கொடியைத் தாக்குகிறது. குழந்தைக்கு இரத்தம் போகும் நுண்ணிய கிளைகளைச் சுற்றி ஃபைப்ரின் என்ற பொருள் படிந்து, திசு அழிந்து, ஆக்சிஜனும் சத்தும் போகும் பாதையே அடைபட்டுவிடும். 12 நாடுகளில், குழந்தை இறந்துபோன 68 கர்ப்பங்களின் நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்து 2022-இல் வந்த அறிக்கையில், சராசரியாக முக்கால் பங்குக்கும் மேல் நஞ்சுக்கொடி செயலிழந்திருந்தது. குழந்தைகள் மூச்சுக்கு வழியில்லாமல்தான் போயிருக்கிறார்கள். தாய்க்கு அறிகுறி லேசாக இருந்தபோதும் இது நடந்திருக்கிறது. 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் அமெரிக்கத் தரவில், கொரோனா இல்லாத தாய்மார்களில் ஆயிரத்துக்குச் சுமார் 6 குழந்தைகள் இறந்து பிறந்தன. கொரோனா இருந்தவர்களில் அது சுமார் 13. டெல்டா காலத்தை மட்டும் எடுத்தால் ஆபத்து நான்கு மடங்கு.

நஞ்சுக்கொடிக்குள் நடப்பது தாய்க்கு வலிக்காது. வெளியே தெரியும் ஒரே அடையாளம் குழந்தையின் அசைவுதான். ஏழாம் மாதம் முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று ஒரு வழக்கம் இருக்கும். என் மகள் பகலில் அடங்கிக் கிடப்பாள், இரவு நான் சாய்ந்ததும் விலாவுக்குக் கீழே உதைக்கத் தொடங்குவாள். இடது பக்கம் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வருகிறதா என்று எண்ணச் சொல்வார்கள். நல்ல முறைதான். ஆனால் எண்ணிக்கையைவிட வழக்கம் முக்கியம். பத்து வந்தும், "இது என் குழந்தை அசைகிற மாதிரி இல்லையே" என்று தோன்றினால் அந்தத் தோன்றலை நம்புங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்த வேண்டாம். வீட்டில் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் துடிப்பு கேட்கிறதே என்று நின்றுவிட வேண்டாம். துடிப்பு இருப்பதும் குழந்தை நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரியில் சி.டி.ஜி. என்ற இதயத்துடிப்புப் பதிவை எடுத்துத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். தொற்று நீங்கிய பிறகும், பிரசவம் வரைக்கும் இந்தக் கவனம் வேண்டும். இடையில் ஒரு வளர்ச்சி ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

என் ஆக்சிஜன் தேறி வந்த நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறியது. 18 நாடுகளில் 2,130 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் கொரோனா வந்த கர்ப்பிணிகளுக்கு, முன்சூல்வலிப்பு எனப்படும் கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறு ஒன்றே முக்கால் மடங்கும், குறைப்பிரசவம் ஒன்றரை மடங்குக்கு மேலும் கூடியிருந்தது. விடாத தலைவலி, கண்ணில் மின்னுவது, மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். கொரோனாவில் தலைவலி சகஜம் என்று நினைத்துக்கொண்டால் இது தப்பிப்போகும். எனக்குத் தலைவலி வந்ததும் சிஸ்டர் முதலில் பி.பி. கருவியைத்தான் எடுத்தார். கூடவே குழந்தையின் அசைவும் மந்தமாகி, சி.டி.ஜி.யும் திருப்தியாக இல்லாததால் சிசேரியன் செய்ய முடிவெடுத்தார்கள். கொரோனா என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதையேதான் சொல்கிறது. தாயின் நிலையோ குழந்தையின் நிலையோ கேட்டால் மட்டுமே.

மகள் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே இருந்தாள். அழுதாள். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் விட்டார்கள். தாய்க்குக் கொரோனா என்பதற்காக அதை அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை. மறுநாள் ஒருமுறை, அதற்கடுத்த நாள் ஒருமுறை அவளுக்கு மூக்கில் சளி எடுத்துச் சோதித்தார்கள். இரண்டிலும் கொரோனா இல்லை.

அது அதிசயமும் இல்லை. கிருமி செல்லுக்குள் நுழையத் தேவையான ஏசிஇ-2 என்ற புரதம், அதற்குத் துணைபோகும் நொதி இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்திருப்பது நஞ்சுக்கொடியில் குறைவு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஷகிலா தங்கரத்தினம் தலைமையிலான குழு உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் கொரோனா உறுதியானது 2 சதவீதத்துக்கும் கீழே. தாய்க்கு நோய் முற்றியிருந்தாலும், பிரசவத்துக்குப் பிறகு தாய்க்குத் தொற்று வந்தாலும் அந்த வாய்ப்பு கூடுகிறது. தொற்று வந்த பச்சிளம் குழந்தைகளிலும் பெரும்பாலானவர்கள் லேசான அறிகுறிகளோடு தேறிவிடுகிறார்கள்.

கொரோனா இல்லை என்றாலும் என் மகள் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வுக்குப் போனாள். மூச்சு வேகமாக இருந்தது. நுரையீரலில் தங்கிய நீர் வற்றும்வரை மூக்கில் காற்றழுத்தம் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, மஞ்சள் காமாலை வந்தது, நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். எல்லாமே முன்கூட்டிப் பிறந்ததன் தொல்லைகள். எங்கள் வீட்டில் எல்லோரும் கிருமிக்குப் பயந்துகொண்டிருந்தபோது அவளை வாட்டியது குறைமாதம்தான்.

அந்த நாட்களில் என்னை அவளிடம் விடவில்லை. பெருந்தொற்றின் தொடக்கத்தில் பல இடங்களில் தாயையும் சேயையும் பிரித்து வைத்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2020 ஏப்ரலில் அப்படிச் சொல்லி, ஜூலையில் மாற்றிக்கொண்டது. தாயும் சேயும் சேர்ந்திருக்கட்டும், தாய்ப்பால் கொடுக்கட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆனால் எழுதியது நடைமுறைக்கு வர நாளாகிறது. பிரித்து வைத்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள். தாய் எழுந்திருக்க முடியாத நிலையா, குழந்தைக்குக் கருவி தேவையா, அல்லது பழைய விதியா? மூன்றாவது என்றால் மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கலாம். என் கணவர் அதைத்தான் செய்தார். மாஸ்க் போட்டு, கை கழுவி, நான் அவளை மார்போடு அணைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது அவர் கேட்டதால்தான். குறைமாதக் குழந்தைக்கு அந்த அணைப்பு வெறும் ஆறுதல் அல்ல, சிகிச்சை. இப்படி மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையும் தாயோடு இருப்பதும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் உலகில் 1,25,000 பச்சிளம் உயிர்கள் வரை காக்கலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது.

அணைக்க முடியாத நாட்களில் செய்ய முடிந்தது பால் எடுத்துக் கொடுப்பதுதான். சிசேரியன், காய்ச்சல், கவலை எல்லாம் சேர்ந்து பால் வருமா என்றே தெரியவில்லை. சிஸ்டர் வந்து வட்டமாக நீவிவிட்டு, கருவட்டத்துக்குப் பின்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து உள்நோக்கி அழுத்திக் காட்டினார். மஞ்சளாக, கெட்டியாக ஒரு துளி வந்தது. அதை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சினார். அடுத்தது வர வெகுநேரம் ஆனது. "இவ்ளோதானா சிஸ்டர்?" என்றேன். "சீம்பால் இவ்ளோதாங்க வரும். அவ வயிறும் இவ்ளோதான். விடாம எடுங்க" என்றார். இரவும் பகலும் சேர்த்து எட்டு முறையாவது எடுத்தால்தான் சுரப்பு நிற்காது. இரவில் ஒருமுறையேனும் எழுந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, மாஸ்க் போட்டு, கருவியின் பாகங்களைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். ஆனால் என்.ஐ.சி.யூ. குழந்தைக்கு அந்தப் பிரிவு சொல்லும் நேரத்தைத்தான் பின்பற்ற வேண்டும்.

தாய்ப்பாலில் கிருமி போகாதா? 2020 ஆகஸ்டில் வந்த ஓர் ஆய்வில், தொற்றிருந்த 18 பெண்களின் 64 பால் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்றில் மட்டும் கிருமியின் மரபணுத் துணுக்கு இருந்தது. பெருகக்கூடிய உயிர்ப்புள்ள கிருமி ஒன்றில்கூட இல்லை. அதற்கு மாறாகத் தாயின் உடம்பு உருவாக்கிய எதிர்ப்புப் பொருள்கள் பாலில் இறங்குகின்றன.

வீட்டுக்கு வந்தபின் வேலை எளிதுதான், விடாமல் செய்வதுதான் கடினம். வீட்டில் யாருக்கு இருமல் வந்தாலும் மாஸ்க், தூக்குமுன் கை கழுவல், ஜன்னல் திறந்தே இருக்கும். எனக்கு மறுபடி சளி பிடித்தபோது அவள் தொட்டிலை என் கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டோம், பால் கொடுக்கும்போது மாஸ்க் போட்டுக்கொண்டேன். குழந்தைக்கு மட்டும் மாஸ்க் போடவே கூடாது. இரண்டு வயதுக்குள் மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. பார்க்க வருகிறோம் என்றவர்களிடம் "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்" என்று சொல்லும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். பிள்ளை பெற்றவளிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளாதீர்கள்.

பச்சிளம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பெரியவர்களைப் போல அது இருமிக் காட்டாது. பால் குடிக்க மறுப்பதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காமல் துவண்டு தூங்கினால், எழுப்பியும் எழாவிட்டால் உடனே கிளம்ப வேண்டும். மூச்சைச் சட்டையை விலக்கி, வயிற்றைப் பார்த்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். குழந்தை இடையில் நிறுத்தி நிறுத்தி மூச்சு விடும், அதனால் கால் நிமிடம் எண்ணிப் பெருக்கினால் தப்பாகிவிடும். அமைதியாக இருக்கும்போது 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணுங்கள், மறுபடியும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரி. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலமாவது, வலிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் அவசர நிலைதான். நாமாக மருந்து ஊற்றிக் காத்திருக்கக் கூடாது. உடம்பு சில்லிட்டுச் சூடேறாமல் இருப்பதும் அதே அளவு ஆபத்து.

தடுப்பூசியைப் பற்றி எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. முதல் பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. அதனால் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி தாமதமாக வந்தது. நோய் எங்களை அதிகம் தாக்கியது, பாதுகாப்பு எங்களுக்குக் கடைசியாக வந்தது. பிறகு லட்சக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து பார்த்ததில் தடுப்பூசியால் கருச்சிதைவு கூடவில்லை என்று தெளிவானது. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை இந்தத் தடுப்பூசி கிடையாது. தாய் போட்டுக்கொண்டதன் எதிர்ப்பு நஞ்சுக்கொடி வழியாகப் போனால்தான் உண்டு. 2022 பிப்ரவரியில் வந்த அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின்போது எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டுக்கொண்ட தாய்மாரின் கைக்குழந்தைகள் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 61 சதவீதம் குறைந்திருந்தது. என் தங்கை கர்ப்பமானபோது என்னைக் கேட்டாள், "நீ என்னக்கா சொல்ற?" என்று. நான் கிடந்த படுக்கையை அவள் பார்த்திருக்கிறாள். போட்டுக்கொள் என்றேன், போட்டுக்கொண்டாள். இப்போது பரிந்துரை நாட்டுக்கு நாடு மாறுகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், உடல் பருமன், ஆஸ்துமா இருப்பவர்கள் முதல் செக்கப்பிலேயே இந்தப் பேச்சை எடுத்துவிடுவது நல்லது.

நெடுநாள் விளைவுகள் பற்றிப் படித்தால் குழப்பமாகத்தான் இருக்கும். 2022-இல் வந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். பாஸ்டன் பகுதியில் 7,772 பிறப்புகளை ஆராய்ந்ததில், கருவில் கொரோனாவைச் சந்தித்த குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் பேச்சு, உடலியக்க வளர்ச்சியில் தாமதம் கண்டறியப்படுவது கூடுதலாக இருந்தது. நியூயார்க்கில் ஆறு மாதக் குழந்தைகள் 255 பேரைப் பார்த்ததில், தாய்க்குத் தொற்று இருந்ததா இல்லையா என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்த எல்லோருமே முன்பு பிறந்தவர்களைவிடச் சில திறன்களில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பெற்றோராக நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பதறத் தேவையில்லை, ஆனால் எந்தப் பரிசோதனையையும் விடக் கூடாது. காது கேட்கும் சோதனையைப் பிறந்த உடனேயே முடித்தோம். அவளுடைய வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டோம். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுவரை அதுதான் முறை. குப்புற விழுவதும் உட்காருவதும் அந்தக் கணக்குக்குச் சரியாகவே வந்தன. பேச்சு மட்டும் தாமதித்தது. "பொறு, தானா வரும்" என்று அம்மா சொன்னார். நாங்கள் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டினோம். இப்போது நிறுத்த முடியாத அளவுக்குப் பேசுகிறாள்.

தாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்.ஐ.சி.யூ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நாட்கள் என்னை வெகுகாலம் விடவில்லை. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் காரணமில்லாமல் அழுகை வந்தது, தூக்கம் போனது. பிள்ளை நன்றாக இருக்கும்போது ஏன் அழுகிறாய் என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் குழந்தையின் எடையை விசாரிக்கும்போது தாயின் தூக்கத்தையும் விசாரியுங்கள்.

இன்று கர்ப்பமாக இருந்து கொரோனா உறுதியானவர்கள் ஒரு கோப்பு தொடங்கிவிடுங்கள். தொற்று உறுதியான தேதி, அப்போது எத்தனையாவது வாரம், ஆக்சிஜன் எண்கள், எடுத்துக்கொண்ட மருந்துகள், தடுப்பூசி விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பிரசவ அறைக்குப் போகும் முன்பே, நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டு வையுங்கள். பிறகு கேட்டால் இருக்காது. குழந்தை மருத்துவரை முதல்முறை பார்க்கும்போதே கர்ப்பத்தில் கொரோனா வந்ததைச் சொல்லி, குழந்தையின் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். என் மகளின் குறிப்பேட்டில் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கு இன்னொரு வளர்ச்சிப் பரிசோதனை உண்டு. அதில் டாக்டரிடம் கேட்பதற்கு, பென்சில் பிடிக்கும் விதம், ஒரே இடத்தில் கவனமாக உட்காரும் நேரம், இன்னும் தெளிவாக வராத இரண்டு எழுத்தொலிகள் என்று நானும் என் கணவரும் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறோம்.